கொரிய மேளத்தின் தாளச் சிக்கலை அளப்பது எப்படி: புதிதாக இறங்குவோருக்கு

கொரியாவின் இருபக்க மேளமான ஜாங்குவின் ஒலிப்பதிவு ஒன்றைக் கணினியில் ஏற்றி, இலவச நிரல் ஒன்றை ஓட்டி, "இந்தத் தாளத்தின் சிக்கல் 51.7" என்று ஓர் எண்ணை எடுத்துவிட அரைமணி நேரம் போதும். அந்த எண் எதைச் சொல்கிறது என்று கேட்டால்தான் திணறுவோம். எதை ஓர் அடியாக எண்ணினீர்கள், சுற்றை எங்கே வெட்டினீர்கள், இரண்டு கைகளைப் பிரித்தீர்களா சேர்த்தீர்களா என்பதைப் பொறுத்து, எது எளிய தாளம் எது சிக்கலான தாளம் என்ற வரிசையே தலைகீழாகும். கீழே வரும் படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். நான்காவதை விட்டு ஆறாவதுக்குத் தாவினால் மறுபடி நான்காவதுக்கே வர வேண்டியிருக்கும்.

நான்கு சொற்களை முதலில் முடிவு செய்துகொள்வோம். மிகச் சிறிய சம அலகு மாத்திரை. இரண்டோ மூன்றோ மாத்திரை சேர்ந்தது தட்டு. மேளத்தில் விழும் ஒவ்வொன்றும் அடி. முழு ஜாங்தான் (திரும்பத் திரும்ப வரும் கொரியத் தாள வடிவம்) ஒருமுறை முடிவது சுற்று.

1. எதை அளக்கப்போகிறீர்கள் என்று ஒரு வரியில் எழுதுங்கள்

"சிக்கல்" என்ற ஒரே பெயரில் குறைந்தது நான்கு விஷயங்கள் உலவுகின்றன. அடிகளுக்கு இடையிலுள்ள நேரம் எவ்வளவு மாறுகிறது என்பது ஒன்று. தட்டை விட்டு விலகி எத்தனை அடி விழுகிறது என்பது இன்னொன்று. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் எவ்வளவு வேறுபாடு என்பது மூன்றாவது. வாசிக்க எவ்வளவு கடினம் என்பது நான்காவது. கடைசியை ஒலிப்பதிவிலிருந்து கணக்கிட முடியாது. வாசிப்பவரைத்தான் கேட்க வேண்டும். முதல் மூன்றில் ஒன்றைத் தேர்ந்து, அந்த வரியைத் தரவுக் கோப்பின் தலைப்பிலேயே போட்டுவையுங்கள்.

2. மூன்று ஜாங்தான்களோடு தொடங்குங்கள்

குத்கொரி, ஜாஜின்மோரி, செமாச்சி. மூன்றும் மூன்று மாத்திரைத் தட்டுகளால் ஆனவை. முதலிரண்டுக்கும் 4 தட்டு, 12 மாத்திரை. செமாச்சிக்கு 3 தட்டு, 9 மாத்திரை. பாடநூல் வடிவங்கள் எளிதில் கிடைக்கும், கையால் கணக்குப் போட்டும் சரிபார்க்கலாம்.

ஒன்மோரி (3+2+3+2, ஆக 10 மாத்திரை) அடுத்த கட்டம். 6 தட்டு, 18 மாத்திரை கொண்ட மெதுவான ஜின்யாங்கையும், 36 மாத்திரைக்குள் ஜிங் என்ற பெரிய சேகண்டி ஏழு முறை விழும் சில்ச்சேவையும் இப்போது தொடாதீர்கள். நான்கு தாளக்கருவிகள் சேர்ந்து வாசிக்கும் சாமுல்நோரியையும் தள்ளிவையுங்கள்: க்வெங்க்வாரி (சிறு சேகண்டி), ஜிங், ஜாங்கு, புக் (பீப்பாய் மேளம்) நான்கும் ஒரே மைக்கில் கலந்த பதிவிலிருந்து ஜாங்குவின் அடிகளைத் தனியே பிரிப்பது தனி ஆய்வுக்கே விஷயம்.

மிருதங்கம் பழகியவர்களுக்கு ஒரு வார்த்தை. குத்கொரியைப் பார்த்ததும் "நாலு தட்டு, திஸ்ர நடை" என்று மனம் போகும். எண்ணுவதற்கு அது உதவும், அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நம் தாளம் கையால் போடும் சட்டகம். அதற்குள் என்ன சொல் வாசிப்பது என்பது வாசிப்பவர் விருப்பம். ஜாங்தானிலோ எந்த இடத்தில் எந்த அடி என்பதும் அடையாளத்தின் பகுதி. ஜுங்மோரியில் 12 தட்டில் ஒன்பதாவது தட்டு அழுத்தமாக விழ வேண்டும். அது போனால் ஜுங்மோரி என்றே தோன்றாது. ஆகவே மாத்திரைக் கணக்கை மட்டும் வைத்து ஒப்பிட்டால் பாதிப் பொருள் விட்டுப்போகும்.

3. அனுமதித் தாள்களை முதல் வாரத்திலேயே முடியுங்கள்

கணக்கு முடிந்தபின் அனுமதி கேட்கலாம் என்று விட்டால் வேலை அங்கேயே நிற்கும். பதிலுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க நேரலாம்.

நீங்களே பதிவு செய்தால், கொரிய மொழியிலும் உங்கள் மொழியிலும் ஒரு பக்க ஒப்புதல் படிவம் தயார் செய்யுங்கள். கலைஞரின் பெயர் வெளியிடப்படுமா, ஒலிக்கோப்பு பகிரப்படுமா அல்லது அடிகள் விழுந்த நேரக்குறிகள் மட்டுமா, பின்னாளில் விலக்கிக்கொள்ளும் உரிமை உண்டா ஆகிய மூன்று கேள்விகளுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள். "அனைத்துக்கும் சம்மதம்" என்ற ஒற்றைக் கையெழுத்து பிற்பாடு தகராறு தரும்.

ஆவணக் காப்பகப் பதிவுகளை எடுத்தால் (சியோலில் உள்ள தேசிய குகாக் (கொரிய மரபிசை) மையத்தின் காப்பகத்தை முதலில் பாருங்கள்), ஒவ்வொரு கோப்புக்கும் உரிம வகையைக் குறித்துக்கொள்ளுங்கள். கொரிய அரசு நிறுவனங்களின் பொது உரிமத்தில் 1ஆம் வகைக்கு மூலத்தைச் சொன்னால் போதும். 2ஆம் வகையில் வணிகப் பயன்பாடு கூடாது. 3ஆம் வகையில் மாற்றம் செய்யக் கூடாது. 4ஆம் வகையில் இரண்டுமே கூடாது. மாட்டிக்கொள்வது 3இலும் 4இலும்தான்: வெட்டிய துண்டுகளை உங்கள் தரவோடு சேர்த்து வெளியிட்டால் அது மாற்றம் செய்த பிரதியாகலாம். அந்த வகைக் கோப்புகளுக்கு நேரக்குறிகளையும் மூல இணைப்பையும் மட்டும் கொடுப்பது பாதுகாப்பு.

4. பதிவு: இரண்டு தோல், இரண்டு மைக்

ஜாங்குவின் இடப்பக்கம் தடித்த தோல், தாழ்ந்த ஒலி. வலப்பக்கம் மெல்லிய தோல், உயர்ந்த ஒலி. வலக்கையில் மெல்லிய மூங்கில் குச்சியான யொல்ச்சே. புங்முல் (கிராமக் கூட்டு மேளம்), சாமுல்நோரி வாசிப்பில் இடக்கையில் உருண்டைத் தலைக் குச்சியான குங்ச்சே. தனிக் கருவியிசையான சன்ஜோவுக்குத் துணையாக வாசிக்கும்போது இடக்கை வெறும் உள்ளங்கை. பக்கத்துக்கு ஒரு மைக், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், அமுக்காத டபிள்யூ.ஏ.வி. கோப்பு. எம்.பி.3 வேண்டாம், அடியின் கூர்மையான தொடக்கம் அதில் மழுங்கும்.

இடப்பக்க மைக்கில் வந்ததெல்லாம் இடக்கை அடி என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிறது. புங்முலில் குங்ச்சே மறுபக்கம் தாண்டிப்போய் வலத்தோலிலும் அடிக்கும். கை எது என்பது உங்கள் கேள்விக்குத் தேவையானால் எதிரே ஒரு காணொளிக் கருவியையும் வையுங்கள். நொடிக்கு 60 படச்சட்டம் போதும். தொடக்கத்தில் ஒரு கைதட்டல் பதிந்தால் ஒலியையும் படத்தையும் பொருத்துவது எளிது.

செலவு: மென்பொருள் எல்லாம் இலவசம் (ஆடாசிட்டி, சோனிக் விஷுவலைசர், பைத்தானில் லிப்ரோசா). பணம் போவது மைக்குக்கும் இரு தடப் பதிவுக் கருவிக்கும் கலைஞருக்கான சன்மானத்துக்கும். முதலிரண்டையும் வாடகைக்கு எடுக்கலாம். மூன்றாவதைக் குறைக்காதீர்கள், பதிவுக்கு முன்பே தொகையைப் பேசிவிடுங்கள்.

5. அடிகளுக்குக் குறியீடு

கொரியக் கலைஞர்கள் வாயால் சொல்லும் சொற்களையே குறியீடாக எடுத்துக்கொள்ளுங்கள். *தொங்* இரு பக்கமும் சேர்ந்தது. *குங்* இடம் மட்டும். *தொக்* வலம் மட்டும். *கிதொக்* வலத்தில் ஒரு சிறு முன்னடியோடு வரும் அடி. *தொரொரொரொ* வலக்குச்சியைத் துள்ளவிடும் உருட்டல்.

கிதொக்கை ஒன்று என்று எண்ணுவதா, இரண்டு என்றா? உருட்டலை ஒன்று என்றா, நான்கு என்றா? ஜாங்தானின் எலும்புக்கூட்டை அளப்பதானால் இரண்டையும் ஒன்றாக எண்ணி, "அலங்காரம்" என்று தனிப் பத்தியில் குறியுங்கள். கிதொக்கில் முதன்மை அடியின் நேரத்தையும், உருட்டலில் முதல் தொடுகையின் நேரத்தையும் எடுங்கள். நான்கு என்று எண்ணினால் மாத்திரையை மேலும் கூறுபோட வேண்டி வரும். பழைய எண்களோடு எதையும் ஒப்பிட முடியாது. வேகம் ஏறும்போது உருட்டல் சுருங்கி ஒற்றைத் தொக் ஆகிவிடுவதும் உண்டு. நான்காக எண்ணியவருக்கு, வேகமான வாசிப்பு திடீரென "எளிதாகிவிட்டது" போலத் தெரியும்.

6. அடி விழும் நேரத்தைக் குறித்தல்

தானியங்கிக் கண்டறிதலில் ஆரம்பிக்கலாம், இயல்பு அமைப்பில் வேண்டாம். லிப்ரோசா 22,050 ஹெர்ட்ஸில் 512 மாதிரிக்கு ஒருமுறை பார்க்கும். அதாவது 23 மில்லிநொடிக்கு ஒருமுறை. மேளத்துக்கு இது பரும்படி. 44,100 ஹெர்ட்ஸில் 128 மாதிரி என்று வைத்தால் சுமார் 3 மில்லிநொடி. இரண்டு அடிக்கு இடையே காத்திருக்கும் நேரமும் இயல்பாக 30 மில்லிநொடி. கிதொக்கின் முன்னடி இதில் விழுங்கப்படலாம். நீங்கள் அதை எண்ணவில்லை என்றாலும், நிரல் முன்னடியைப் பிடித்துக்கொண்டு முதன்மை அடியை விட்டுவிட்டால் நேரம் தவறும். அதனால் காத்திருப்பைக் குறைத்து ஓட்டி, கூடுதலாக வந்ததைக் கையால் நீக்குங்கள்.

பிறகு சோனிக் விஷுவலைசரில் ஒவ்வொரு குறியையும் கேட்டுத் திருத்த வேண்டும். ஜாஜின்மோரியை நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் எடுத்தால் சுற்றுக்கு 2 நொடி, நிமிடத்துக்கு 30 சுற்று, அடிப்படை வடிவத்திலேயே 150 அடி. அடிக்குப் பதினைந்து நொடி என்றாலும், ஒரு நிமிடப் பதிவுக்கு நாற்பது நிமிடம் போய்விடும். மாறுபாடுகள் அடர்ந்த வாசிப்பில் இது இரட்டிப்பாகும். காலக்கெடுவை இதை வைத்துப் போடுங்கள்.

குறைந்தது பத்தில் ஒரு பங்கை இன்னொருவரும் தனியாகக் குறிக்கட்டும். இருவர் குறித்ததும் ஒரே அடிதான் என்று ஏற்க ஒப்பீட்டுக் கருவிகளில் வழக்கமாக இருக்கும் 50 மில்லிநொடி வரம்பு இங்கே தாராளம்: மேற்சொன்ன வேகத்தில் ஒரு மாத்திரையே 167 மில்லிநொடிதான். 20 என்று இறுக்குங்கள்.

7. மாத்திரைக் கட்டத்தில் பொருத்துதல்

சீரான கிளிக் ஒலிக்கு வாசித்த இசை இல்லை இது. வேகம் மெல்ல ஏறும், சுற்று முடியும் இடத்தில் சற்றே இழுக்கும். முழுப் பதிவுக்கும் ஒரே வேகம் என்று கட்டம் போட்டால் இரண்டாம் நிமிடத்தில் எல்லா அடியும் ஒரு மாத்திரை தள்ளி உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு சுற்றின் முதல் அடியையும் கையால் குறித்து, அந்தச் சுற்றை மட்டும் 12 ஆகவோ 9 ஆகவோ பிரியுங்கள். அடியை அருகிலுள்ள மாத்திரையில் வைத்துவிட்டு, எத்தனை மில்லிநொடி நகர்த்தினீர்கள் என்பதைப் பக்கத்துப் பத்தியில் விடாமல் சேமியுங்கள். அந்தப் பத்தியைத் தூக்கி எறிபவர்கள் வாசிப்பின் உயிரான பகுதியைத் தூக்கி எறிகிறார்கள் என்பது என் கருத்து.

ஓர் அடி இரண்டு மாத்திரைக்கு நட்டநடுவில் விழுந்தால் ஊகிக்காதீர்கள். "ஐயம்" என்று குறித்து அந்தச் சுற்றைக் கணக்கிலிருந்து ஒதுக்குங்கள்.

8. நிரலுக்கு முன் கையால் கணக்கு

பாடநூல் வடிவங்கள் இவை. எண்கள் மாத்திரை இடங்கள்.

குத்கொரி: தொங் 1, கிதொக் 3, குங் 4, தொரொரொரொ 6, குங் 7, கிதொக் 9, குங் 10, தொரொரொரொ 12.
ஜாஜின்மோரி: தொங் 1, குங் 4, குங் 7, தொக் 9, குங் 10.
செமாச்சி: தொங் 1, தொங் 4, தொக் 6, குங் 7, தொக் 8.

இடைவெளிகளாக எழுதினால் குத்கொரி 2‑1‑2‑1‑2‑1‑2‑1, ஜாஜின்மோரி 3‑3‑2‑1‑3, செமாச்சி 3‑2‑1‑1‑2.

முதல் அளவை, பலரும் எடுக்கும் என்.பி.வி.ஐ. அடுத்தடுத்த இரண்டு இடைவெளிகளின் வேறுபாட்டை அவற்றின் சராசரியால் வகுத்து, எல்லா இணைகளுக்கும் சராசரி எடுத்து, நூறால் பெருக்குவது. குத்கொரிக்கு 66.7, ஜாஜின்மோரிக்கு 51.7, செமாச்சிக்கு 43.3 வரும். இதைச் சிக்கல் என்று நம்பினால், இரண்டு‑ஒன்று இரண்டு‑ஒன்று என்று ஒரே சீராக நடக்கும் குத்கொரிதான் மூன்றிலும் சிக்கலானது! இந்த அளவை சொல்வது பக்கத்துப் பக்கத்து இடைவெளிகளின் முரணை மட்டுமே.

இன்னொரு பொறியும் இதிலேயே இருக்கிறது. ஜாங்தான் சுற்றிச் சுற்றி வருவது. கடைசி இடைவெளிக்கு அடுத்தது முதல் இடைவெளி. அந்த இணையையும் சேர்த்தால் ஜாஜின்மோரி 41.3 ஆக இறங்குகிறது, செமாச்சி 42.7. வரிசை மாறிவிட்டது. நேர்க்கோடா சுற்றா என்று சொல்லாமல் வெளியிடப்படும் எண்ணை ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டாவது, இடைவெளிகளின் என்ட்ரோபி (கலப்பின் அளவு, பிட்டில்). குத்கொரி 1.00 பிட், ஜாஜின்மோரி 1.37, செமாச்சி 1.52. இங்கே குத்கொரி அடிமட்டத்தில். இது வரிசையைப் பார்க்காமல் எத்தனை வகை இடைவெளி, எவ்வளவு கலந்து என்பதை மட்டும் எண்ணுகிறது. ஐந்து இடைவெளிகளிலிருந்து எடுத்த என்ட்ரோபி மிக நொய்ந்த எண் என்பதையும் மறக்க வேண்டாம். பல சுற்றுகளைச் சேர்த்தே எடுங்கள்.

மூன்றாவதுதான் எனக்குப் பயனுள்ளதாகப் படுகிறது: தட்டு விலகல். ஒவ்வொரு மாத்திரைக்கும் ஓர் எடை கொடுங்கள். 12 மாத்திரைச் சுற்றில் 1ஆம் இடத்துக்கு 0, 7க்கு −1, 4க்கும் 10க்கும் −2, மற்றவற்றுக்கு −3. 9 மாத்திரையில் 1க்கு 0, 4க்கும் 7க்கும் −1, மற்றவற்றுக்கு −2. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே, அந்த அடியின் எடையைவிட அதிக எடையுள்ள வெற்றிடம் இருந்தால், இரண்டு எடைகளின் வேறுபாட்டைக் கூட்டுங்கள். பல வெற்றிடம் இருந்தால் அதிக எடையுள்ளதை எடுங்கள்.

மூன்று ஜாங்தானுக்கும் விடை பூஜ்யம். எல்லாத் தட்டிலும் அடி விழுந்துவிடுகிறதே! இத்தோடு "கொரியத் தாளத்தில் தட்டு விலகலே இல்லை" என்று எழுதியவர் அடுத்த வரியைப் போட்டுப் பார்க்கவில்லை. இரண்டு பக்கங்களையும் பிரியுங்கள். குத்கொரியின் தாழ்ந்த பக்கம் 1, 4, 7, 10, விலகல் 0. உயர்ந்த பக்கம் 1, 3, 6, 9, 12. மூன்றாம் இடத்து அடிக்குப் பின் 4 காலி: 1. ஆறாம் இடத்து அடிக்குப் பின் 7 காலி: 2. ஒன்பதாம் இடத்து அடிக்குப் பின் 10 காலி: 1. பன்னிரண்டுக்குப் பின் அடுத்த சுற்றின் தொங் விழுவதால் ஒன்றுமில்லை. மொத்தம் 4. இதே கணக்கில் ஜாஜின்மோரியின் உயர்ந்த பக்கம் 1, செமாச்சியும் 1. இடக்கை தட்டைப் பிடித்துக்கொண்டிருக்க, வலக்கை ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு மாத்திரை முன்னால் போய் விழுவதுதான் குத்கொரியின் அசைவு. பிரித்தால்தான் எண்ணில் அது தெரிகிறது.

ஒன்மோரிக்கு வரும்போது எடை மரத்தை (எந்த மாத்திரைக்கு எந்த எடை என்ற பட்டியலை) கையால் கட்டுங்கள்: 1க்கு 0, 6க்கு −1, 4க்கும் 9க்கும் −2, மற்றவை −3. நிரல்கள் 10 மாத்திரையைச் சமமாக ஐந்தாகப் பிளந்துவிடும். அப்போது தட்டே விலகலாக எண்ணப்படும்.

9. சுற்றுக்குச் சுற்று மாற்றம்

நேரில் கேட்கும்போது நம்மை ஈர்ப்பது பெரும்பாலும் மாறுபாடுகள்தான். ஒவ்வொரு சுற்றையும் 12 எழுத்துச் சரமாக எழுதி, முந்தைய சுற்றோடு எத்தனை இடத்தில் வேறுபடுகிறது என்று எண்ணுங்கள். ஜாஜின்மோரியில் 3ஆம், 6ஆம் மாத்திரைகளில் கூடுதலாகத் தொக் விழுந்தால் வேறுபாடு 2. முந்தைய சுற்றோடு ஒரு கணக்கு, அடிப்படை வடிவத்தோடு இன்னொரு கணக்கு என்று இரண்டும் வேண்டும்: ஒரே மாறுபாட்டை எட்டு சுற்று திரும்பத் திரும்ப வாசித்தால் முதல் எண் பூஜ்யமாகும், இரண்டாவது உயர்ந்தே நிற்கும்.

சரத்தை எவ்வளவு சுருக்கி எழுத முடியும் என்று பார்க்கும் லெம்பெல்–ஸிவ் போன்ற அமுக்க அளவைகளையும் போடலாம். அவை நீளத்தோடு கூடும் என்பதால், 20 சுற்றுப் பதிவையும் 60 சுற்றுப் பதிவையும் நேரடியாக ஒப்பிடாதீர்கள். ஒரே நீளத்துக்கு வெட்டுங்கள், அல்லது அதே சரத்தை நூறு முறை கலைத்துப்போட்டு வரும் சராசரியால் வகுத்து எழுதுங்கள்.

10. வாசிப்பவரிடம் காட்டுங்கள்

எண்கள் கைக்கு வந்ததும், பதிவு செய்த கலைஞரிடமோ வேறு ஜாங்கு வாசிப்பவர்களிடமோ அதே துண்டுகளைக் கேட்கவிட்டு, எது வாசிக்கக் கடினம், எது கேட்கச் சிக்கல் என்று இரண்டு தனிக் கேள்விகள் கேளுங்கள். உங்கள் எண்களை அதற்கு முன் காட்டக் கூடாது. மெதுவான ஜின்யாங் எண்ணில் எளிதாகத் தெரிந்தாலும், நீண்ட இடைவெளிகளைச் சரியாகத் தாங்கி நிற்பது கடினம் என்று அவர்கள் சொல்லக்கூடும். எந்த அளவையும் அதைப் பிடிக்காது. மூன்று ஜாங்தானை வைத்து ஒட்டுறவுக் கெழு (இரண்டு எண்வரிசைகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்ற எண்) போடாதீர்கள். மூன்று புள்ளிகளில் எதுவும் எதோடும் பொருந்தும்.

வெளியிடும்போது தரவுக் கோப்போடு சேர வேண்டியவை: முதல் படியில் எழுதிய அந்த ஒரு வரி, அடிக் குறியீட்டுப் பட்டியல், அலங்கார அடிகளை எண்ணிய விதம், நேர்க்கோடா சுற்றா, எடை மரம், ஒதுக்கிய சுற்றுகளின் எண்ணிக்கை, ஒவ்வொரு பதிவின் உரிம வகை.